இடாப்பிலிருந்து வீட்டுப் படலை வரை: வன்னியில் வரவு மென்பொருளை ஓடவைத்தல்

ஒழுங்காக வராத பிள்ளைகளைப் பின்தொடரும் மென்பொருளை வட இலங்கையின் வன்னிப் பாடசாலைகளில் ஓடவைக்கும்போது முதலில் இடறுவது பெயர்ப் பட்டியல். பழைய எக்செல் கோப்புகள் பல யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்தவை. அப்படியே ஏற்றினால் பெயர்கள் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். யூனிகோடுக்கு மாற்றி, சிஎஸ்வி யூடிஎஃப்-8 வடிவில் சேமித்த பிறகே ஏற்றினோம். தொலைபேசி இலக்க நிரலை எழுத்து வகைக்கு மாற்றாவிட்டால் முன்னாலுள்ள பூச்சியத்தை எக்செல் விழுங்கிவிடும். பிள்ளையை அடையாளம் காணப் பெயரை நம்பக்கூடாது. சேர்வு இலக்கமும் பிறந்த திகதியும் சேர்ந்தால்தான் ஒரே பிள்ளை இரண்டு தரம் பதியப்படாது.

தொடர்ந்து 3 நாள் வராவிட்டால் வகுப்பாசிரியர் அழைப்பது, 5 நாளானால் அந்தப் பிள்ளைக்கென்று கோவை (தனிப் பதிவு) திறப்பது என்று வைத்தோம். வெள்ளிதோறும் வீட்டில் நிற்கிற பிள்ளை இதில் ஒருபோதும் அகப்படாது. அதனால் தவணையில் நடந்த நாட்களில் 10 வீதம் தவறினாலும் கோவை திறக்க வேண்டும். முதல் இரண்டு கிழமைக்கு இந்த விதி வேண்டாம். ஒரு நாள் காய்ச்சலே 10 வீதமாகிவிடும். மாரி வெள்ளத்துக்குப் பாடசாலை மூடிய நாட்களை நாட்காட்டியில் அடையாளமிடுங்கள். இடாப்பு மார்க் பண்ணாத நாளை ‘வரவில்லை’ என்று எடுக்கும் அமைப்பையும் மாற்றுங்கள்.

தமிழ்க் குறுஞ்செய்தி ஒன்றில் 70 இடம்தான். ‘கி’ மட்டும் 2 இடம் எடுக்கும். ‘இன்று பாடசாலைக்கு வரவில்லை. அதிபரை அழையுங்கள்.’ என்று எழுதினால் முன்னால் பிள்ளையின் பெயருக்கு 23 இடம் கிடைக்கும். தாய் வெளிநாட்டில் என்றால் அம்மம்மாவின் இலக்கத்தைப் பதியுங்கள், அவருக்குப் பேசிச் சொல்லுங்கள்.

எங்களுக்கு எல்லாவற்றிலும் பெரிய வேலை காரணப் பட்டியல். ‘சுகமில்லை’, ‘குடும்பம்’, ‘வேறு’ என்று மென்பொருளோடு வருவதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அரிவு வெட்டு, கச்சான் பிடுங்கல், தம்பி தங்கையைப் பார்த்தல், பஸ் இல்லை, பாதையில் யானை, சப்பாத்து இல்லை, ஆசிரியரிடம் பயம் என்று நாங்களே எழுதினோம். ஒவ்வொரு காரணத்துக்கும் பொறுப்பானவரும் திகதியும் வேண்டும். பஸ் என்றால் அதிபர் வலயக் கல்வி அலுவலகம் ஊடாகப் பஸ் சாலைக்கு எழுதுவார். அடி உதை, இளவயதுத் திருமணம் என்ற சந்தேகம் வந்தால் வீட்டுக்கு அழைப்பே எடுக்கக்கூடாது. அந்தக் கோவை நேரே நன்னடத்தை அலுவலரிடம் போகும், அவசரமென்றால் சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கு. இதன் குறிப்புகளை வகுப்பாசிரியரின் திரையில் மறைத்து வையுங்கள். ஊர் சிறிது, கதை அலுவலருக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

பிள்ளை ஒரு நாள் வந்ததும் கோவையை மூட மென்பொருள் விடும். விடாதீர்கள்; 20 பாடசாலை நாள் கண்காணிப்பில் வையுங்கள். விடுகைப் பத்திரம் கொடுத்தாயிற்று என்பதும் போதாது. கட்டாயக் கல்வி வயது 5 முதல் 16 வரை. முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்குப் போன பிள்ளையை அங்குள்ள அதிபர் தன் இடாப்பில் சேர்த்ததாக உறுதிசெய்த பிறகே மூடுங்கள்.