அம்பாசிடர் பின் ஸ்பிரிங்: உப்புக்காற்றுப் பக்கத்துக் குறிப்புகள்

மண்டபம், பாம்பன் பக்கம் ஓடும் அம்பாசிடரில் பின் ஸ்பிரிங்குக்குப் பாரத்தோடு உப்பும் எதிரி. அடுக்கி வைத்த எஃகுப் பட்டைகளான ஸ்பிரிங் பிளேட்டுகளுக்கு நடுவே துரு ஏறினால் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்காது. வண்டி தூக்கிப் போடும். பழி என்னவோ ஷாக் அப்சார்பர் மேல்தான்.

கழற்றுமுன் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள். ஸ்பிரிங்கை ஆக்சிலோடு (சக்கர அச்சு) சேர்த்துக் கட்டும் யு போல்ட் நட்டுகளுக்கு முதல்நாளே துரு எண்ணெய் விடுங்கள். இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டைத் துரு தின்ற தகரத்தில் முட்டுக்கொடுத்தால் உள்ளே போய்விடும். மணல் தரை என்றால் கீழே தடிப்பலகை கட்டாயம்.

ஆக்சிலை ஜாக்கியில் தாங்கி, ஷாக்கின் கீழ்முனை, யு போல்ட், பின் ஷாக்கிள் (ஸ்பிரிங்கின் பின்முனையைத் தொங்கவிடும் இணைப்பு), முன்கண் (முன்முனை வளையம்) போல்ட் என்று கழற்றுங்கள். மாட்டும்போது பிளேட்டுகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் துளையில் சரியாக உட்கார வேண்டும். தவறினால் ஆக்சில் கோணி, வண்டி நண்டு மாதிரி ஓடும். பழைய யு போல்ட்டை மறுபடி போடாதீர்கள், அது நீண்டிருக்கும்.

ஸ்பிரிங் முனைகளில் போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் புஷ்ஷுக்கு கிரீஸ் வேண்டாம், ஊதிப்போகும். சோப்புத் தண்ணீர் போதும். ஷாக்கிள், முன்கண் போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் நின்று பாரம் ஏறியபிறகே முடுக்குங்கள். தொங்கலில் முடுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டு கிழியும்.

ஸ்பிரிங், ஷாக் இரண்டுமே ஜோடியாகத்தான். புது டெலஸ்கோபிக் (குழாய் வடிவ) ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து ஐந்தாறு முறை அமுக்கி இழுத்தபின் மாட்டுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட்டை மறுபடி முடுக்குங்கள்.