அணைக்கு ஒரு தவணை

மலேசியாவின் கேமரன் மலையில், சுல்தான் அபு பக்கர் அணைக்குக் கீழே உள்ள பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வசிக்கும் என் அக்கா ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். அணையின் எச்சரிக்கைச் சங்கு ஒலித்த நாள், நேரம், வீட்டுக்குப் பின்னால் ஆற்றுக்கு இறங்கும் சிமென்டுப் படிகளில் தண்ணீர் எத்தனையாவது படிவரை ஏறியது, எப்போது வடிந்தது என்பவற்றை அவர் 2013-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அதில் எழுதி வருகிறார். யாரும் கேட்டு அவர் எழுதவில்லை. சென்ற மாதம் கோலாலம்பூரின் செந்தூலில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அதைப் பையிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்து, "தம்பி, இதை யாரிடமாவது கொடுக்க முடியுமா? கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்களா?" என்று கேட்டார். இருபத்தெட்டு ஆண்டுகள் இடைநிலைப் பள்ளியில் புவியியல் கற்பித்த எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை தேடத் தொடங்கித்தான், அமெரிக்காவில் நீர்மின் அணைகளுக்கு உரிமம் புதுப்பிக்கும் முறையைப் பற்றிச் சில வாரங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அங்கே கூட்டரசு நேரடியாக நடத்தும் பெரிய அணைகளை விட்டுவிட்டால், தனியாரும் மாநிலங்களும் நகராட்சிகளும் நடத்தும் நீர்மின் அணைகளில் பெரும்பாலானவை கூட்டரசு எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமத்தின் கீழ் இயங்குகின்றன. 1920-இல் இயற்றப்பட்ட சட்டம் இதற்கு அடிப்படை. ஆறு மக்களுக்குப் பொதுவான சொத்து, அதை மறித்து மின்சாரம் எடுப்பவருக்குக் கிடைப்பது தவணைக்கு உட்பட்ட அனுமதி மட்டுமே என்ற எண்ணம் அந்தச் சட்டத்தின் அடியில் இருக்கிறது. புதுப்பிக்கும்போது தரப்படும் உரிமம் 30 முதல் 50 ஆண்டுகளுக்குச் செல்லும். தவணை முடிந்ததும், அணையை நடத்துபவர் மீண்டும் விண்ணப்பித்து, மீண்டும் காரணம் காட்டி, மீண்டும் அனுமதி பெற வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் என்னை மிகவும் கவர்ந்தது அதன் நீண்ட முன்னறிவிப்பு. உரிமம் காலாவதியாவதற்கு ஐந்து முதல் ஐந்தரை ஆண்டுகளுக்கு முன்பே நடத்துநர் தம் எண்ணத்தைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே முழு விண்ணப்பத்தையும் அளிக்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் ஆற்றங்கரை ஊர்களில் கூட்டங்கள் நடக்கின்றன, ஆய்வுகள் நடக்கின்றன, மீனவர்களும் பூர்வகுடியினரும் விவசாயிகளும் படகோட்டிகளும் எழுத்தில் கருத்துத் தெரிவிக்கிறார்கள். 1986-இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, மின் உற்பத்திக்குத் தரும் அதே கவனத்தை மீன்வளம், வனவிலங்கு, பொழுதுபோக்கு, சுற்றுச்சூழல் ஆகியவற்றுக்கும் ஆணையம் தந்தாக வேண்டும்.

கருத்துத் தெரிவிப்பது என்றால் என்னவென்று நாம் பொதுவாக நினைப்பதற்கும் அங்கே உள்ள நடைமுறைக்கும் வேறுபாடு உண்டு. "இந்த அணை எங்களுக்கு வேண்டும்" என்றோ "வேண்டாம்" என்றோ எழுதுவது எளிது, அதன் பயனும் சிறிது. இன்னொரு வழி இருக்கிறது. எந்தத் தகவல் இல்லாமல் முடிவெடுக்கக் கூடாதோ அந்தத் தகவலைத் திரட்டும் ஆய்வை நடத்துமாறு, தொடக்கக் கட்டத்திலேயே எவரும் கோரலாம். அந்தக் கோரிக்கை நிறைவு செய்ய வேண்டிய ஏழு அளவுகோல்களை விதிகளே வகுத்திருக்கின்றன: ஆய்வின் நோக்கம் என்ன, இப்போது உள்ள தகவல் ஏன் போதாது, அணையின் இயக்கத்துக்கும் கேட்கும் விஷயத்துக்கும் என்ன தொடர்பு, எந்த முறையில் ஆய்வு செய்வது, எவ்வளவு செலவாகும் என்பன போன்றவை அவற்றில் அடங்கும். ஒரு சாதாரணக் குடிமகனுக்கு இது கடினமான வேலைதான். ஆனாலும், மனக்குறையாக மட்டும் இருந்ததை, பதில் சொல்லியே தீர வேண்டிய கேள்வியாக மாற்றும் வழி அது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. கருத்து எழுதுபவர் எல்லாரும் அந்த நடவடிக்கையில் ஒரு தரப்பாக ஆகிவிடுவதில்லை. முறைப்படி மனுச் செய்து தம்மை ஒரு தரப்பாகச் சேர்த்துக்கொண்டவர்களே, முடிவு வந்தபின் மறுவிசாரணை கேட்கவும் நீதிமன்றம் செல்லவும் உரிமை பெறுகிறார்கள். கடைசி நாளில் உருக்கமாக ஒரு கடிதம் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டவருக்கு அந்தக் கதவு திறக்காது. இந்த வேறுபாட்டை எவரும் முன்கூட்டியே சொல்லித் தராததால் உரிமையை இழந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்களோ என்று படிக்கும்போதே நினைத்துக்கொண்டேன்.

இந்த முறையில் குறைகள் உண்டு. சுற்றுச்சூழல் பாதிப்பை அளக்கும்போது, அணையோடு இன்று இருக்கும் ஆற்றையே ஆணையம் தொடக்கப் புள்ளியாகக் கொள்கிறது. அணை கட்டுவதற்கு முன் அந்த ஆற்றில் ஏறி வந்த மீன்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. மேலும், முடிவு தாமதமானால் பழைய உரிமமே பழைய நிபந்தனைகளோடு ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்கப்படும். இப்படிப் பல ஆண்டுகள் நீடித்த ஓர் அணையின் கதையைத்தான் நான் மீண்டும் மீண்டும் படித்தேன்.

கலிபோர்னியாவின் ஓரோவில் அணை 1968-இல் கட்டி முடிக்கப்பட்டது. உயரம் சுமார் 235 மீட்டர், அமெரிக்காவிலேயே மிக உயரமானது. அதன் உரிமம் 2007 ஜனவரியில் முடிவடைய இருந்த நிலையில், புதுப்பிக்கும் நடவடிக்கையில் 2005 அக்டோபரில் மூன்று பொதுநல அமைப்புகள் ஒரு மனுவைச் சமர்ப்பித்தன. அணையின் அவசரகால உபரிநீர் வழி கான்கிரீட் பூசப்படாத வெறும் மலைச்சரிவாக இருக்கிறது, பெருவெள்ளத்தில் தண்ணீர் அதன் வழியே இறங்கினால் மண் அரித்துப் பேரழிவு நேரலாம், எனவே அதற்குக் கான்கிரீட் தளம் போட வேண்டும் என்று அவை கேட்டன. ஆணையத்தின் பொறியியல் விதிகளுக்கு அந்த உபரிநீர் வழி உட்பட்டே இருக்கிறது என்ற முடிவு எடுக்கப்பட்டது, கோரிக்கை ஏற்கப்படவில்லை. உரிமம் புதுப்பிக்கப்படாமல், ஆண்டுதோறும் நீட்டிக்கப்பட்டு வந்தது.

2017 பிப்ரவரி 7-ஆம் நாள் அணையின் முதன்மை உபரிநீர் வழியில் பெரும்பள்ளம் விழுந்தது. 11-ஆம் நாள், அணை கட்டப்பட்டதிலிருந்து முதல் முறையாக, தண்ணீர் அந்த அவசரகால வழியில் வழிந்தது. மறுநாளே மலைச்சரிவு வேகமாக அரிக்கப்பட்டு, மேலே உள்ள தடுப்புச்சுவரே சரிந்துவிடும் என்ற அச்சத்தில், கீழே இருந்த சுமார் 1,88,000 பேர் வீடுகளை விட்டு வெளியேற உத்தரவிடப்பட்டது. சுவர் சரியவில்லை, ஊர்கள் பிழைத்தன. பிறகு அந்தச் சரிவு கான்கிரீட்டால் பலப்படுத்தப்பட்டது. பதினொரு ஆண்டுகளுக்கு முன் பொதுமக்கள் தரப்பிலிருந்து சென்ற காகிதத்தில் எழுதியிருந்ததும் ஏறக்குறைய அதுதான்.

கேட்டு, செவிசாய்த்து முடிவெடுத்த கதையும் உண்டு. மேய்ன் மாநிலத்தில் கென்னபெக் ஆற்றின் குறுக்கே 1837-இல் கட்டப்பட்ட எட்வர்ட்ஸ் அணை வெறும் 3.5 மெகாவாட் மின்சாரம் தந்தது. கடலிலிருந்து முட்டையிட ஏறி வரும் மீன்களை ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அது மறித்து நின்றது. மீனவர்களும் ஆற்றுப் பாதுகாப்பு அமைப்புகளும் தொடர்ந்து வாதாடியதன் பின், 1997 நவம்பரில் ஆணையம் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்து, அணையை அகற்ற உத்தரவிட்டது. உரிமையாளரின் விருப்பத்துக்கு மாறாக அப்படி ஓர் உத்தரவு பிறந்தது அதுவே முதல் முறை. 1999 ஜூலை 1-ஆம் நாள் அணை உடைக்கப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் மீன்கள் பெருந்திரளாகத் திரும்பி வந்தன. எல்லா அணையையும் உடைக்க வேண்டும் என்பது என் கருத்தல்ல. மின்சாரம் இல்லாமல் நானும் இதை எழுதிக்கொண்டிருக்க முடியாது. தவணை முடிந்த நாளில் கேள்வி உண்மையாகவே கேட்கப்பட்டது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். தீபகற்ப மலேசியாவின் பழைய நீர்மின் அணைகளை வரிசைப்படுத்திப் பாருங்கள்: பேராக் நதியின் செண்டெரோ 1930-இல் வந்தது, கேமரன் மலையின் சுல்தான் அபு பக்கர் அணை 1963-இல், அதன் பின் 1970-களின் இறுதியில் தெமெங்கோர், 1985-இல் கென்யிர். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கிய 1987-ஆம் ஆண்டு ஆணை நடைமுறைக்கு வந்ததோ 1988 ஏப்ரல் 1-ஆம் நாள்தான். ஆகவே, இந்த அணைகள் எல்லாம் அந்த மதிப்பீட்டுக்கு முன்பே எழுந்து நின்றவை. பின்னால் வந்த அணைகளுக்கும் மதிப்பீடு தொடக்கத்தில் ஒரு முறைதான். அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்கும் முறை நம் சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் அது கட்டுவதற்கு முன்னால் எழும் கேள்வி. கட்டி ஐம்பது, அறுபது ஆண்டுகள் ஆனபின் கரையில் வாழ்பவரைத் திரும்பக் கேட்கும் கேள்வி அது அல்ல.

அந்த முதல் கேள்விகூட எளிதில் கிடைத்துவிடவில்லை என்பதைப் பாக்குன் வழக்கு காட்டுகிறது. சரவாக்கின் பாக்குன் அணையால் இடம்பெயர வேண்டியிருந்த பூர்வகுடியினர் மூவர், அறிக்கையைப் பெற்றுக் கருத்துச் சொல்லும் தங்கள் உரிமை பறிக்கப்பட்டது என்று கோலாலம்பூர் உயர்நீதிமன்றத்துக்கு வந்தார்கள். சரவாக்குக்குக் கூட்டரசு விதி பொருந்தாது என்று 1995-இல் முன்தேதியிட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டிருந்தது. 1996-இல் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1997-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டியது. சுமார் பத்தாயிரம் பேர் சுங்கை ஆசாப்புக்கு இடம்பெயர்ந்தார்கள். 2,400 மெகாவாட் திறனுள்ள அந்த அணை இன்று இயங்குகிறது.

ரிங்லெட் ஏரியை நான் சிறுவயதிலிருந்து அறிவேன். அப்பா வேலை செய்த தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்தால் அதன் கரைதான். பெர்த்தாம் ஆற்றைச் சுல்தான் அபு பக்கர் அணை அங்கே மறிக்க, பகாங்குக்கு ஓட வேண்டிய தண்ணீர் சுரங்கத்தின் வழியே மலையைத் துளைத்துப் பேராக் பக்கம் இறங்கிச் சுழலிகளைச் சுற்றுகிறது. அணை கட்டிய காலத்து மலையும் இன்றைய மலையும் ஒன்றல்ல. மேலே காடு வெட்டிக் காய்கறித் தோட்டம் போடப் போட, மழைக்குக் கரைந்து வந்த மண் ஏரியின் கொள்ளளவில் கணிசமான பகுதியைப் பிடித்துக்கொண்டது; எவ்வளவு தூர்வாரினாலும் மீண்டும் வந்து சேர்கிறது. வண்டல் பிடித்த ஏரியில் வெள்ளத்துக்கு இடம் குறைகிறது, இடம் குறைந்தால் மதகை விரைவில் திறக்க வேண்டியிருக்கிறது. கீழேயோ, வீடுகள் ஆற்றை ஒட்டிப் பெருகிவிட்டன. 2013 அக்டோபர் 23 அதிகாலையில், கனமழையில் ஏரி நிறைந்து மதகுகள் திறக்கப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளும் வாகனங்களும் அடித்துச் செல்லப்பட்டன, உயிர்களும் போயின. அக்காவின் நோட்டுப் புத்தகம் அதற்குப் பின் தொடங்கியது.

யார் மீது தவறு என்ற வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை. மலை மாறியது, ஏரி மாறியது, ஊர் மாறியது. அணையை இயக்கும் நிபந்தனைகளை ஊரார் முன்னிலையில் வைத்துத் திரும்பப் பார்க்கும் நாள் ஒன்று நாட்காட்டியில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே நான் சொல்வது. அமெரிக்க உரிமங்களில் ஆற்றில் எப்போதும் ஓட வேண்டிய குறைந்தபட்ச நீரளவும், நீரைத் திறக்கும்போது மட்டம் எவ்வளவு வேகத்தில் உயரலாம் என்ற வரம்பும்கூட நிபந்தனைகளாக எழுதப்படுகின்றன. படிகளில் தண்ணீர் ஏறிய வேகத்தைக் குறித்து வைத்திருக்கும் ஒருவரால் பேசக்கூடிய விஷயம் அது.

தவணை என்ற எண்ணம் நமக்கு அந்நியமும் அல்ல. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த, முதலாம் பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், ஊர்ச் சபையின் கீழ் ஏரியைக் கவனித்த குழுவான ஏரி வாரியம் குறிப்பிடப்படுகிறது. குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட அதன் உறுப்பினர் முந்நூற்றறுபது நாள் பணியாற்றிய பின் விலகிக்கொள்ள வேண்டும். தண்ணீரைக் கையில் வைத்திருப்பவருக்கு முடிவு நாள் ஒன்று விதிக்கப்பட்டிருந்தது. அந்தச் சபையில் எல்லாருக்கும் இடமில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

கருத்துக் கேட்பு எப்படிப் பொருளற்றுப் போகும் என்பதையும் நான் அனுபவித்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அருகே உயரமான கட்டடம் ஒன்று வரவிருந்தபோது, உரிய அலுவலகம் ஆட்சேபம் கேட்டது. நாங்கள் நாற்பது குடும்பத்தார் கையொப்பமிட்டு, வடிகால் நிரம்பும் இடங்களைப் படம் வரைந்து கொடுத்தோம். ஆளுக்கு மூன்று நிமிடம் பேசவும் விட்டார்கள். அதன்பின் எங்கள் கேள்விகளுக்கு ஒரு வரிப் பதிலும் வரவில்லை. எதிர்பார்த்ததை விட அதுதான் அதிகம் வலித்தது. மறுத்திருந்தால்கூட, காரணத்தைப் படித்து விவாதித்திருக்க முடியும். அமெரிக்க முறையில் நான் பொறாமைப்படுவது கூட்டங்களின் எண்ணிக்கையைப் பார்த்து அல்ல. வந்த கருத்துகளைச் சுற்றுச்சூழல் ஆவணத்தில் எடுத்துக்கொண்டு, ஏற்றதையும் ஏற்காததையும் காரணத்தோடு எழுத வேண்டிய கடமையைப் பார்த்துத்தான்.

பேராக் நதியின் பழைய நிலையங்களுக்கு ஆயுளை நீட்டிக்கும் பணி இப்போது பேசப்படுகிறது. எந்திரத்தை மாற்றி இன்னும் சில பத்தாண்டுகள் ஓட்டப் போகிறோம் என்று முடிவெடுக்கும் தருணம்தான், கரையில் இருப்பவரைக் கேட்கவும் சரியான தருணம். நாடாளுமன்ற உறுப்பினருக்கும், சட்டமன்ற உறுப்பினருக்கும், மின்துறையை ஒழுங்குபடுத்தும் ஆணையத்துக்கும் இதை மலாயில் எழுதி அனுப்ப முடிவு செய்திருக்கிறேன். ஆட்சேபக் கடிதமாக எழுதாமல், ஆய்வுக் கோரிக்கையாகவே எழுதப் போகிறேன்: ஏரியில் இன்று மிஞ்சியிருக்கும் கொள்ளளவு எவ்வளவு, மதகு திறந்தபின் எத்தனை நிமிடத்தில் தண்ணீர் எந்த வீட்டை எட்டும், சங்கின் ஒலி எந்த வீடுவரை கேட்கிறது.

அக்காவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். கடைசிக் கேள்விக்கு ஆய்வு தேவையில்லை என்றார்; பாலத்துக்கு அப்பால் உள்ள மூன்று வீடுகளுக்குக் கேட்பதில்லை, மழை பலமாகப் பெய்தால் தமக்கும் கேட்பதில்லை, அந்த நாட்களில் பக்கத்து வீட்டுப் பையன் ஓடி வந்து கதவைத் தட்டுவான், அதையும் நேரத்தோடு எழுதி வைத்திருக்கிறேன் என்றார். பள்ளி விடுமுறை தொடங்கியதும் ரிங்லெட்டுக்குச் சென்று, அந்தப் பக்கங்களை அவர் அருகில் உட்கார்ந்து படியெடுக்கப் போகிறேன்.