காணோம் என்று சொல்வதற்கு எத்தனை நிமிடம்?

விமானப் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஷிப்ட் முடிந்து டூல் எண்ணும்போது ஒவ்வொரு டூலின் வடிவமும் வரைந்திருக்கும் ஷேடோ போர்டில் 10 எம்எம் சாக்கெட்டின் வடிவம் மட்டும் காலியாகக் கிடந்தது. திட்டு விழுமே என்று யாரிடமும் சொல்லாமல் இருபது நிமிடம் தனியாகத் தேடினேன். வயிற்றைப் பிசைந்தது. கடைசியில் சூப்பர்வைசரிடம் போனேன். அவர் திட்டவில்லை. "இதை அப்பவே சொல்லியிருக்கலாம்ல தம்பி" என்றபடி விமானத்தை நிறுத்தி வைத்தார். நான்கு பேர் டார்ச் அடித்துத் தேடியதில், இறக்கைப் பேனலுக்குள் ஒரு ரிப் (குறுக்குச் சட்டம்) ஓரமாகக் கிடைத்தது.

இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு எஃப்ஓடி (ஃபாரின் ஆப்ஜெக்ட் டெப்ரி) வகுப்பு நான்தான் எடுக்கிறேன். "ஃபாரின் ஆப்ஜெக்ட்னா வெளிநாட்டுப் பொருளா சார்?" என்று பேட்சுக்கு ஒருவராவது கேட்டுவிடுவார். இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிற எதுவும் எஃப்ஓடிதான்: போல்ட் கழலாமல் கட்டும் லாக்வயரின் துண்டு, பாட்டில் மூடி, பயணியின் பெட்டியிலிருந்து கழன்ற சக்கரம். காலையில் விமானங்கள் நிற்கும் ஏப்ரனில் வரிசையாக நடந்து பொறுக்கும்போது எங்களைவிடப் பெட்டி ஏற்றும் லோடர்களுக்குத்தான் கண் கூர்மை. அவர்களையும் வகுப்பில் உட்கார வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஒலியைவிட வேகமாகப் பறந்த பயணிகள் விமானமான கான்கார்டின் விபத்தைக் காட்டாத எஃப்ஓடி வகுப்பு கிடையாது. 2000 ஜூலை 25, பாரிஸ். ஐந்து நிமிடம் முன்பு கிளம்பிய டிசி-10 விமானத்திலிருந்து ரன்வேயில் விழுந்த, சுமார் 43 செ.மீ. நீளமுள்ள உலோகப் பட்டை கான்கார்டின் டயரைக் கிழித்தது. தெறித்த ரப்பர் துண்டு இறக்கையின் அடியில் மோத, எரிபொருள் டேங்க் உடைந்து தீப்பிடித்தது. 113 பேர் இறந்தார்கள். வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும். அந்த அமைதியை நான் அவ்வளவாக நம்புவதில்லை. டீ இடைவேளை வரைதான் தாங்கும்.

எனக்குப் பயன்படுவது யாரும் சாகாத ஒரு சம்பவம். 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் குவாண்டாஸ் ஏ380 ஒன்றின் இன்ஜினுக்குள் போர்ஸ்கோப் என்ற குழாய் கேமராவை விட்டுப் பார்த்தார்கள். அப்போது பயன்படுத்திய 1.25 மீட்டர் நைலான் கருவி உள்ளேயே தங்கிவிட்டது. அதோடு விமானம் 34 முறை, 294 மணி நேரம் பறந்தது. கருவியைக் காணோம் என்று தெரிந்த பிறகும், தொலைந்த டூலைத் தேடும் நடைமுறையைத் தொடங்காமலே விமானத்தை விடுவித்தார்கள் என்றது ஆஸ்திரேலிய விசாரணை அறிக்கை. இதைச் சொல்லும்போது எனக்கு என் இருபது நிமிடம்தான் ஞாபகம் வரும். அதையும் சொல்லிவிடுவேன்.

பிறகு ஒரு விளையாட்டு. செய்முறை நேரத்தில் யாருடைய பாக்ஸிலிருந்தாவது ஒரு டூலை ஒளித்து வைப்பேன். கண்டுபிடித்தால் மதிப்பெண் கிடையாது. எத்தனை நிமிடத்தில் வந்து சொல்கிறார்கள் என்பதற்குத்தான் மதிப்பெண்.

போன பேட்சில் ஒரு பெண், "சார், என் பிளையரைக் காணோம்!" என்று ஹேங்கர் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள். நான் எடுத்திருந்தது பக்கத்துப் பையனின் ஸ்க்ரூடிரைவர். அவன் அதுவரை வாயே திறக்கவில்லை. எல்லோருமாகத் தேடினோம். பிளையர் அவளுடைய ஓவரால் பின்பையிலேயே இருந்தது. சிரித்தவர்களை அடக்கிவிட்டு, பதிவேட்டில் நேரத்தோடு எழுதச் சொன்னேன். பையன் மெதுவாகக் கையைத் தூக்கினான்.