உதட்டைக் கொத்தும் திராட்சை

"போன வாரம் செத் போயிருந்தேன்" என்று அம்மாவிடம் போனில் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம், "என்னடா பேச்சு இது, வாயைக் கழுவு" என்றார். செத் என்பது தெற்கு பிரான்சில் ஒரு துறைமுக ஊர் என்று விளக்கி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எதற்காகப் போனேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. வைன் குடிக்கப் போனேன் என்று சொல்லியிருந்தால் செத்ததே பரவாயில்லை என்றிருப்பார்.

விஷயம் ஜனவரியில் ஆரம்பித்தது. வேலைக்காக பாரிஸ் வந்த புதிதில், சூப்பர் மார்க்கெட்டில் மலிவாக இருந்ததே என்று 'பிக்பூல் த பினே' என்ற வெள்ளை வைன் ஒன்றை வாங்கினேன். ஒல்லியான, உயரமான பச்சை பாட்டில். கண்ணாடியிலேயே சிலுவை முத்திரையும் அலை மாதிரிக் கோடுகளும் பதித்திருந்தது. வெளியே பூஜ்யம் டிகிரி, உள்ளே ஹீட்டர், தட்டில் முட்டைக் குருமா. ஒரு வாய் குடித்ததும் பல் கூசியது. எலுமிச்சைத் தண்ணீரில் சர்க்கரை போட மறந்த மாதிரி இருந்தது. மிச்சத்தைச் சிங்க்கில் ஊற்றிவிட்டேன்.

புதுச்சேரியில் பிறந்து தெற்கு பிரான்சின் மோன்பெலியே நகரத்தில் குடியேறிவிட்ட நண்பனிடம் இதைச் சொன்னபோது அவனுக்குக் கோபமே வந்துவிட்டது. "குருமாவுக்கா அதை ஊத்துன? செப்டம்பர்ல இங்க வா, எங்க உக்காந்து குடிக்கணுமோ அங்க கூட்டிட்டுப் போறேன்" என்றான். அப்படித்தான் செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை ரயிலேறினேன்.

செத்துக்கும் மார்செயான் ஊருக்கும் நடுவே கடலை ஒட்டி நீளமாக ஒரு மணல்திட்டு. அதற்கு இந்தப் பக்கம் 'தோ' என்ற பெயருடைய காயல். பழவேற்காடு பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு உடனே புரியும். நீளம் இருபது கிலோமீட்டர் சொச்சம். காயலின் வடகரை மெல்ல மேடாகிற இடத்தில்தான் பிக்பூல் தோட்டங்கள். பினே, மேஸ், பொமேரோல், ஃப்ளொரான்சாக், மொந்தான்யாக், கஸ்தெல்னோ த கெர் என்று ஆறே ஊர்கள். இந்த ஆறு ஊர்களில் பிக்பூல் திராட்சையை மட்டுமே வைத்துச் செய்த வெள்ளை வைனுக்குத்தான் அந்தப் பெயர் போடலாம். தனி அப்பெலாசியோன் அந்தஸ்து, அதாவது ஊர்ப் பெயருக்கான சட்டப் பாதுகாப்பு, கிடைத்தது 2013இல்தான்.

பினேயில் எடுத்த அறையில் முதல் ராத்திரி தூக்கமே இல்லை. மூன்று மணிக்கு லாரி போலச் சத்தம், ஜன்னலில் வெளிச்சம். எரிச்சலோடு எட்டிப் பார்த்தால், ஒரு உயரமான மெஷின் கொடி வரிசையின் மேல் யானை போல இரண்டு பக்கமும் கால் பரப்பி, கொடியை உலுக்கிக்கொண்டே நகர்கிறது. அறுவடை! பகலில் பறித்தால் வெயிலில் பழம் சூடேறி வாசனை போய்விடும், குளிர்ந்த பழமாகத் தொட்டிக்குப் போக வேண்டும் என்பதற்காகத்தான் ராத்திரியில் பறிக்கிறார்களாம். காலையில் நண்பன் சொன்னான். முன்னாடியே சொல்லியிருந்தால் காதில் பஞ்சு வைத்துப் படுத்திருப்பேன்.

விடிந்ததும் நடந்து போய்ப் பார்த்தோம். சுண்ணாம்புக் கற்கள் சிதறிய வெளிறிய மண். மெஷின் இன்னும் தொடாத வரிசையில், நெருக்கமாக அடைத்த கொத்துகள், காம்பு தெரியாத அளவுக்கு. கொஞ்சம் நீள்வட்டமான காய், தோலில் மாவு பூசின மாதிரி மங்கல். நண்பன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று பறித்துக் கொடுத்தான். முதலில் நல்ல தித்திப்பு. விழுங்கப் போகும்போது, நாக்கின் இரண்டு ஓரத்திலும் சுள்ளென்று ஒரு புளிப்பு. 'பிக்பூல்' என்றால் உதட்டைக் கொத்துவது என்று இங்கே ஒரு பெயர்க்கதை சொல்கிறார்கள். உண்மையோ இல்லையோ, எனக்கு அது பொருந்திப் போயிற்று.

இவ்வளவு வெயிலில் பழுத்தும் இந்தப் புளிப்பு குறையாமல் இருப்பதுதான் பிக்பூலின் சமர்த்து. தெற்குச் சூட்டில் பல வெள்ளைத் திராட்சைகள் தித்திப்பு ஏறி மந்தமாகிவிடும். இது தாமதமாகத்தான் பழுக்கும், புளிப்பை விடாது. தயாரிப்பிலும் அதைக் காப்பாற்றுகிறார்கள். வைனில் பச்சை ஆப்பிளின் புளிப்பு தயிரின் புளிப்பாக மாறுகிற இரண்டாவது நொதிப்பு ஒன்று உண்டு. இங்கே பொதுவாக அதை நடக்க விடுவதில்லை. மர பீப்பாய்க்கும் பெரும்பாலும் வேலையில்லை, ஸ்டீல் தொட்டிதான்.

இதையெல்லாம் நேரில் கேட்கலாம் என்று ஒரு தயாரிப்பாளரின் கடைக்குப் போனபோது மணி பன்னிரண்டு ஐந்து. கதவில் பூட்டு. இரண்டு மணி வரைக்கும் சாப்பாட்டு நேரம். உள்ளே ஆள் நடமாட்டம் தெரிகிறது, கையை ஆட்டினேன், அவரும் சிரித்தபடி கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். பிரான்சில் எட்டு மாதம் இருந்தும் இந்தப் பாடம் எனக்கு ஏறவில்லை.

சரி, நாமும் சாப்பிடுவோம் என்று பூஸிக் பக்கம் காயல் கரைக்கு வண்டியை விட்டான். தண்ணீரில் வரிசை வரிசையாகக் கம்பங்கள், மேலே சட்டங்கள். அதிலிருந்து தொங்குகிற கயிறுகளில் சிப்பி வளர்க்கிறார்கள். இந்தக் காயலில் சொல்லிக்கொள்ளும்படி கடல் ஏற்றவற்றம் கிடையாது. அதனால் சிப்பி எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருந்து சீக்கிரம் வளர்கிறது. ஒரு கொட்டகையில் ஓர் அம்மாள் குட்டிச் சிப்பிகளை மூன்று மூன்றாகக் கயிற்றில் சிமென்ட் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார். நிஜ சிமென்ட்! விரல் நுனியில் ஓர் உருண்டை, மூன்று சிப்பி, ஓர் அழுத்து, அடுத்தது. பூ தொடுக்கிற வேகம்.

சிப்பியை வேகவைக்காமல் பச்சையாகத் தின்பது எனக்குப் புதிது. கறிமீன் வறுவல் மாதிரி ஏதாவது கிடைக்குமா என்று கேட்டு நண்பனிடம் திட்டு வாங்கினேன். கண்ணை மூடி ஒன்றை விழுங்கினேன். உப்பு, உப்பு, அப்புறம் கடைசியில் லேசாக ஒரு பருப்பு வாசனை. வாய் முழுக்க வழுவழுப்பு. அப்போது அந்தக் குளிர்ந்த வைனை ஒரு மடக்கு. ஜனவரியில் பல்லைக் கூச வைத்த அதே புளிப்பு இப்போது வழுவழுப்பை அப்படியே துடைத்து எடுத்துவிட்டது. மீன் குழம்பில் புளி செய்கிற வேலை இது. புளியைத் தனியாகக் கரைத்துக் குடித்துவிட்டுக் குறை சொன்ன ஆள் நான். வைனில் தனியாக வேறு என்ன ருசி என்றால், எலுமிச்சைத் தோல், கொஞ்சம் உப்புக் காற்று, அவ்வளவுதான். அதிலேயே பூவாசனை, தேன்வாசனை என்று தேடுகிறவர்கள் தேடட்டும். டஜன் சிப்பி எப்போது தீர்ந்தது என்று தெரியவில்லை. வண்டி ஓட்டுகிறவன் என்பதால் நண்பனுக்கு அரை கிளாஸ், மீதி எனக்கு.

மாலையில் மார்செயான். துறைமுகத்தை ஒட்டி 'நுவாலி ப்ரா' என்ற பிராண்டின் வெர்மூத், அதாவது மூலிகை ஊறிய வைன், தயாரிக்கிற இடம். 1813இல் உருவான செய்முறை. இதற்கும் அடிப்படை பிக்பூலும் கிளாரெத் என்ற இன்னொரு வெள்ளைத் திராட்சையும்தான். முற்றத்தில் திறந்த வெளியில் ஓக் பீப்பாய்கள் வெயிலிலும் மழையிலும் கடல்காற்றிலும் கிடக்கின்றன, ஒரு வருஷம். ராத்திரியில் திராட்சையைப் பறித்துக் குளிர் குறையாமல் காப்பாற்றும் ஊருக்குப் பக்கத்திலேயே, அதே திராட்சையின் வைனை வெயிலில் காயப்போடுகிறார்கள்! குடித்துப் பார்த்தேன், வேப்பம்பூ ரசத்தின் தூரத்துச் சொந்தம் போல ஒரு கசப்பு. எனக்குப் பிடித்தது, நண்பன் முகம் சுளித்தான்.

ஊர் திரும்பும் வழியில் அந்தப் பூட்டிய கடைக்கு மறுபடி போனோம். இந்த முறை திறந்திருந்தது. மத்தியானம் கையாட்டியவரேதான் கல்லாவில். இரண்டு பாட்டில் எடுத்து வைத்தேன். "எதோட சாப்பிடப் போறீங்க?" என்று கேட்டார். "மீன் குழம்பு" என்றேன். நண்பன் அதை எப்படி மொழிபெயர்ப்பது என்று யோசித்து, புளி, மிளகாய், நல்லெண்ணெய் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனான். மிளகாய் என்றதும் அவர் ஒரு பாட்டிலை மெதுவாகத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.