21 டிகிரியில் வியர்த்தவள்

இரவு மூன்று மணி இருக்கும். மின்னணுச் சில்லு செய்யும் எங்கள் தொழிற்சாலையின் தூசு புகாத கூடத்துக்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது. நெற்றியில் தொடங்கி முதுகு வழியாக இடுப்புவரை ஓடியது. தலை முதல் கால்வரை வெள்ளை உடை, முகமூடி, கையுறை; கண்கள் மட்டும்தான் வெளியே. துடைக்கக்கூட வழியில்லை. குளிர்சாதனம் பழுதாகிவிட்டது என்று முடிவு செய்து, பராமரிப்புப் பிரிவுக்குத் தொலைபேசியில் அழைத்துச் சத்தம் போட்டேன். இத்தனை தட்டுச் சில்லுகளும் வீணானால் யார் பதில் சொல்வது என்றுகூடக் கேட்டதாக நினைவு.

வந்த தம்பி சுவரில் இருந்த அளவியைப் பார்த்தார். நம்பிக்கை வராமல் தன் கையில் இருந்த கருவியாலும் அளந்தார். "21 டிகிரி, அக்கா. ஈரப்பதமும் சரியாகத்தான் இருக்கிறது" என்றார். பக்கத்து இயந்திரத்தில் நின்ற மூத்த மலாய்ப் பெண், நாங்கள் எல்லாரும் 'காக்' (அக்கா) என்று அழைப்பவர், என் காதருகே வந்து மெல்லச் சொன்னார்: "இயந்திரத்துக்கு ஒன்றும் இல்லை. உனக்குத்தான் காலம் வந்துவிட்டது." அவர் ஐந்து வருடங்களுக்கு முன்பே மாதவிடாய் நிற்கும் அந்தக் கட்டத்தைத் தாண்டியவர். எனக்கு அப்போது வயது 46. அந்தத் தம்பி இன்றைக்கும் என்னைப் பார்த்தால் அளவியை ஒருமுறை தட்டிக் காட்டிவிட்டுத்தான் போகிறார்.

மலேசியாவின் பினாங்குத் தீவில் இருக்கும் பாயான் லெப்பாசுக்கு நான் 1996இல் வந்தேன். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம், செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். 1972இல், லிம் சோங் இயூ முதலமைச்சராக இருந்த காலத்தில், இங்கே தடையற்ற வாணிப மண்டலம் தொடங்கியது. எங்களைப் போன்ற தோட்டத்துப் பெண்களுக்கு அது பால்மரத்திலிருந்து கிடைத்த விடுதலை. அம்மா இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போனவர். எனக்கு வெயில் இல்லை, கொசு இல்லை, மழை பெய்தால் கூலி போய்விடுமே என்ற பயமும் இல்லை. "உனக்கென்ன, நிழலில் வேலை" என்பார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அம்மா இரவு எட்டரைக்குப் பாயை விரித்துவிடுவார் என்பதை நான் முப்பது வருடம் கழித்துத்தான் எண்ணிப் பார்த்தேன். அவர் உடம்பு உழைத்தது, பிறகு இருட்டியதும் ஓய்ந்தது. என் உடம்பு பன்னிரண்டு மணி நேரம் நின்றது, விடிந்ததும் படுத்தது, சில நாள் கழித்து எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றிக்கொண்டது. காலை ஏழு முதல் இரவு ஏழுவரை இரண்டு வாரம், இரவு ஏழு முதல் காலை ஏழுவரை இரண்டு வாரம் என்று சுற்றிச் சுற்றி.

உடல்நலம் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் இரவில் தூங்குகிறவர்கள் என்பது என் நெடுநாளைய சந்தேகம். காலை ஆறு மணிக்கு எழுந்து நடங்கள் என்கிறார்கள். அந்த நேரத்தில் நான் அன்றைய கணக்கை ஒப்படைக்க எண்ணிக்கொண்டிருப்பேன். இரவு எட்டு மணிக்குப் பிறகு சாப்பிடாதீர்கள் என்கிறார்கள். எட்டு மணிக்குத்தான் எனக்கு நாள் தொடங்கியே இருக்கும். தொழிற்சாலையில் ஆண்டுக்கு ஒருமுறை நலவாழ்வு வாரம் நடக்கும். யோகா வகுப்பு நண்பகலில். இரவு ஷிப்டுக்காரர்கள் அப்போது வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருப்போம் என்று ஏற்பாடு செய்தவர்களுக்குத் தோன்றவே இல்லை.

நானும் முயலாமல் இல்லை. விடுமுறை நாளில் பினாங்குத் தாவரவியல் பூங்காவில் நடப்பது என்று ஒரு வருடம் தீர்மானம். மூன்று வாரம் போனேன். நான்காவது வாரம் மழை, ஐந்தாவது வாரம் கல்யாணம், அதோடு சரி. இன்னொரு முறை ரோஷம் வந்து, பக்கத்திலேயே இருக்கும் தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளையும் நிற்காமல் ஏறினேன். முருகன் அருளால் ஏறிவிட்டேன். மறுநாள் கம்பெனி பஸ்ஸிலிருந்து பக்கவாட்டில்தான் இறங்க முடிந்தது. கைக்குத்தல் அரிசி ஒரு மாதம் ஓடியது. அதை நிறுத்தியது நான் அல்ல, என் மகன்.

வியர்வைக் கதைக்குப் பிறகுதான் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனேன். நாற்பது வயது சந்தாதாரர்களுக்குத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ 2013 முதல் இலவசப் பரிசோதனைக்கு வழி செய்திருக்கிறது. எனக்கும் கடிதம் வந்தது. அலமாரி இழுப்பறையில் பத்திரமாக இருந்தது. பயம்தான், வேறு என்ன? கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டி, எண் எடுத்து, உட்கார்ந்தேன். இரத்தத்தில் எடுத்த மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு 6.1 என்று வந்தது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரை கடந்த மூன்று மாதத்தையும் காட்டிக்கொடுத்துவிடுமாம். முதல்நாள் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாத சோதனை. 6.3ஐத் தொட்டால் இங்கே அதற்குப் பெயர் இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். நாட்டில் நான் மட்டும் நிற்கவில்லை. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டார்கள்.

மருத்துவர் சின்னப் பெண், என் மகள் வயது என்று சொல்லலாம். "தினமும் காலையில் நடங்கள், அம்மா" என்று தொடங்கினார். நான் ஷிப்டைச் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "அடுத்த மாத ரோஸ்டர் கையில் இருக்கிறதா?" என்று கேட்டார். கைப்பேசியில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே என் சீட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டார். சினைப்பையின் சுரப்பு குறையும்போது மூளையில் வெப்பத்தைச் சமன் செய்யும் இடம் சின்ன மாற்றத்துக்கும் பதறுகிறது, அதனால்தான் அந்த வியர்வை என்றார். அதே உணவை நள்ளிரவில் உண்டால் பகலைவிடச் சர்க்கரை அதிகம் ஏறும், தூக்கமின்மையும் பதற்றமும் அதை இன்னும் ஏற்றும் என்றார். முப்பது வருடத்தில் என் ரோஸ்டரை வைத்துக்கொண்டு என் உடம்பைப் பற்றிப் பேசிய முதல் ஆள் அவர்.

அந்தச் சீட்டு எனக்குச் சொல்லாமல் சொன்னது இதுதான்: விடுமுறை நாளில் வைத்த எந்தப் பழக்கமும் எனக்கு நிற்கவில்லை. ஷிப்டுக்குள்ளேயே, ஏற்கெனவே நடக்கிற ஏதாவது ஒன்றின் முதுகில் ஏறிக்கொண்டவைதான் நின்றன.

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். கூடத்துக்குள் தண்ணீர் கொண்டுபோக முடியாது. வெளியே வந்து குடிக்க வேண்டுமென்றால் உடையைக் கழற்ற வேண்டும். திரும்பிப் போகும்போது மறுபடி உடுத்தி, காற்றுப் பீச்சும் அறையில் நின்று, பிறகுதான் உள்ளே. முக்கால் மணி ஓய்வில் கால் மணிக்கும் மேல் இதிலேயே போய்விடும். அதனால் எங்கள் பெண்கள் கண்டுபிடித்த வழி, குடிக்காமலே இருப்பது. குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், போனால் உடை, உடை என்றால் நேரம், நேரம் என்றால் உற்பத்தி லைன் நிற்கும். சிறுநீர்த் தொற்று எங்களுக்குள் சளி இருமல் மாதிரி சாதாரணமாக இருந்தது. நானே பத்து வருடம் அப்படித்தான் இருந்தேன். அதைப் பொறுப்புணர்ச்சி என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தேன்.

லைன் லீடராக என் கையில் இருந்தது ஒன்றுதான்: யார் எப்போது யாருக்குப் பதில் நிற்பது என்ற பட்டியல். இரண்டு ஓய்வுகளுக்கு நடுவே, இருவர் இருவராக வெளியே போய்வருவது போல் அதை மாற்றி எழுதினேன். பொறியாளர் ஒருவர் முகம் சுளித்தார். எண்ணிக்கை குறையும் என்றார். குறைந்தால் பழைய பட்டியலுக்கே போகலாம் என்றேன். ஒரு மாதம் பார்த்தோம். குறையவில்லை. கடைசி இரண்டு மணி நேரத்தில் வழக்கமாகக் கைதவறும் தட்டுகள்தான் குறைந்தன. அவர் அதற்குமேல் எதுவும் பேசவில்லை, பாராட்டவும் இல்லை. நான் தனியாக ஒரு பாட்டில் தண்ணீரோடு சபதம் எடுத்திருந்தால் ஒரு வாரம் தாங்கியிருக்காது. பட்டியலில் என் பெயரும் இருந்ததால், என் முறை வந்ததும் போய்த்தான் ஆக வேண்டியிருந்தது.

சாப்பாட்டில் பெரிய புரட்சி எதுவும் இல்லை. நள்ளிரவு கேன்டீனில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு, மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸ், சீனியும் பால்மாவும் ஒரே பொட்டலத்தில் கலந்த காப்பி. வேலைக்குக் கிளம்பும் முன் மாலையில் வீட்டிலேயே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, இரவு இரண்டு மணிக்கு அவித்த முட்டையும் கடலைச் சுண்டலும் என்று மாற்றிக்கொண்டேன். சுண்டல் நாற்றம் கூடம் வரை வருகிறது என்று கேலி செய்தவர்கள் இப்போது கை நீட்டுகிறார்கள். சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்று தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கறியோ, பாதி காய்கனி என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. நல்ல யோசனை. ஆனால் எல்லாக் குழம்பையும் ஒன்றாக ஊற்றி வெள்ளமாக்கித் தரும் நாசி கண்டார் தட்டில் அந்தக் கோட்டை எங்கே போடுவது? மாதத்துக்கு ஒருமுறை, பகல் ஷிப்டில், கோடு போடாமலே சாப்பிடுகிறேன்.

அந்த இரண்டு மணிச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம், கட்டடத்தை ஒட்டிய கூரை நடைபாதையில் போய்வருவோம். உண்டபின் நடந்தால் தசைகள் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் என்று மருத்துவர் சொன்னதை நான் காக்கிடம் சொன்னேன். இருவராகத் தொடங்கி இப்போது ஏழு பேர். காவலாளி எங்களுக்கு வைத்திருக்கும் பெயர் 'ஹந்து'. பேய்.

மன அழுத்தத்தைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம். என் பிரிவில் நேப்பாளத்திலிருந்து வந்த ஓர் இளைஞன் இருந்தான். ஒரு தட்டில் எண்ணிக்கை குறைந்தது என்று எல்லார் முன்னாலும் அவனைத் திட்டினேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பிறகு ஒன்றும் சொல்லாமல் தட்டை என் முன் வைத்து விரலால் எண்ணிக் காட்டினான். சரியாக இருந்தது. தப்பாக எண்ணியவள் நான். முந்தைய நாள் பகலில் நான் இரண்டு மணி நேரம்தான் தூங்கியிருந்தேன். மன்னிப்புக் கேட்டேன், அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை, பழகிப்போனவன் சிரிக்கும் சிரிப்பு.

தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது என் கைப்பேசிதான். எந்த இயந்திரம் நின்றது, எந்தத் தட்டு எங்கே என்று வாட்ஸ்அப் குழுவில் பகலெல்லாம் கேள்விகள். பதில் சொல்லாவிட்டால் அடுத்த ஷிப்டுக்காரர் தவிப்பாரே என்று அரைத் தூக்கத்தில் பதில் சொல்வேன். எனக்கு எதிர் ஷிப்டில் இருந்த சீனத் தோழி இரவில் இதையே செய்துகொண்டிருந்தாள். ஒருநாள் கணக்கு ஒப்படைக்கும்போது இருவரும் பேசிவைத்துக்கொண்டோம். தடித்த நோட்டு ஒன்று வாங்கினோம். போகிறவள் எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும், வருகிறவள் படித்துச் சந்தேகத்தை அங்கேயே கேட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு லைன் எரிந்தால் மட்டுமே அழைப்பு. மேலாளருக்கு இது முதலில் பிடிக்கவில்லை. மூன்று ரிங்கிட் நோட்டு அது. நலவாழ்வு வாரத்துச் சுவரொட்டிகள் எல்லாம் சேர்ந்து செய்யாததைச் செய்தது.

எல்லாம் பழக்கத்தால் தீரும் என்று நான் சொல்ல மாட்டேன். இரவு ஷிப்டு வேலை புற்றுநோயை உண்டாக்கப் பெரும்பாலும் வாய்ப்புள்ளது என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் வகைப்படுத்தியது. 2019இல் மறுபடியும் அதையே உறுதி செய்தது. சுண்டல் அதற்கு மருந்தாகாது. பகல் வேலைக்கு மாறலாம்தான். ஷிப்டு அலவன்ஸ் போய்விடும். வீட்டுக் கடனில் இன்னும் ஆறு வருடம் பாக்கி. கணக்குப் போட்டுப் பார்த்து, மகன் படிப்பு முடிந்ததும் எழுதிக் கொடுப்பது என்று வைத்திருக்கிறேன். கடைசியாக எடுத்த சர்க்கரைச் சோதனையில் 5.8.

இரவு ஷிப்டு முடிந்து பஸ் பாலத்தில் ஏறும்போது சூரியன் நேர் எதிரே, எதிர்க்கரையில் இருக்கும் பிறை நகரின் புகைபோக்கிகளுக்கு மேலே நிற்கும். அந்த வெளிச்சம் கண்ணில் பட்டால் மூளை விடிந்துவிட்டது என்று நம்பிவிடுமாம். அதனால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். பதின்மூன்றரைக் கிலோமீட்டருக்கும் நான் ஒரு நடிகை. வீட்டில் தடித்த திரை, மின்விசிறி, காதில் பஞ்சு. அப்படியும் பதினோரு மணிக்குப் பழைய பேப்பர் லோரி வந்துவிடும். "பேப்பர் லாமா, சூராட் காபார் லாமா" என்று ஒலிபெருக்கியில். ஒருநாள் தூங்கும் உடையோடு கீழே இறங்கிப் போய், ஓட்டுநரிடம் என் கதையைச் சொன்னேன். அவர் மனைவியும் இரவு வேலைதானாம். எங்கள் புளோக்கைத் தாண்டும்வரை ஒலிபெருக்கியை நிறுத்திக்கொண்டார். ஐந்து மாதம் நிம்மதி. போன மாதம் ஓட்டுநர் மாறிவிட்டார். புதியவரிடம் இன்னும் பேசவில்லை. இந்த வாரம் எனக்குப் பகல் ஷிப்டு.