வைரத்தை நன்றாக ஆண்ட நாட்டிற்கே இந்த நிலைமை

கனிமம் கிடைத்த ஆப்பிரிக்க நாடெல்லாம் உருப்படாது என்று யாராவது பேசினால், இல்லை, போட்ஸ்வானாவைப் பாருங்கள் என்று பதில் வரும். நியாயமான பதில்தான். 1966-ல் சுதந்திரம் கிடைத்தபோது மாடு வளர்ப்பை விட்டால் அங்கே பெரிதாக எதுவும் இல்லை, ஆண்கள் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்குக் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அடுத்த வருடமே ஒராபாவில் வைரம் கிடைத்தது. அது முதல் ஜனாதிபதி செரெட்சே காமாவின் சொந்த இனக்குழுவின் நிலம், ஆனால் அவர் ஆட்சியில் கனிமம் எந்தக் குழுவுக்கும் சொந்தமில்லை, நாட்டுக்குத்தான் என்று சட்டம் வந்தது. வைரம் தோண்டிய டி பியர்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, சுரங்கத்தில் அரசுக்கு முதலில் 15 சதவீதப் பங்கு என்று ஆரம்பித்து, 1975-ல் மறுபடி பேரம் பேசி 50 சதவீதம் வாங்கினார்கள். வந்த பணம் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரோடு என்று போனது. மிச்சம் பிடித்ததைச் சேமித்து வைக்க 1994-ல் பூலா நிதி என்று தனியாக ஒன்றையும் தொடங்கினார்கள்.

இவ்வளவு செய்தும் இன்று நிலைமை மோசம். ஏற்றுமதியில் ஏறக்குறைய 80 சதவீதம் இன்னும் வைரம். ஆய்வகத்தில் செய்கிற வைரத்தின் விலை சரிந்து, மோதிரம் வாங்குகிறவர்கள் அந்தப் பக்கம் போக ஆரம்பித்ததும், சீனாவிலும் கிராக்கி படுத்துவிட்டதும் சேர்ந்து 2024-ல் அரசும் டி பியர்ஸும் சேர்ந்து நடத்தும் டெப்ஸ்வானாவின் விற்பனை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அந்த வருடத் தேர்தலில் 58 வருடம் ஆண்ட கட்சியை மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். புதிய ஜனாதிபதி டுமா போகோ, 2025 ஆகஸ்டில் மருந்துத் தட்டுப்பாட்டுக்காகப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்க வேண்டியதாயிற்று. ஊழல் குறைவு என்று பெயரெடுத்த ஒரு நாட்டில், ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. எனக்கு இது ரொம்பவே வலிக்கிற விஷயம்.

முயற்சி செய்யாமல் இல்லை. 1990-களில் தலைநகர் காபரோனில் ஹூண்டாய் கார்களைப் பாகம் பாகமாகச் சேர்த்துச் செய்து தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள், கொஞ்ச காலம் வைரத்துக்கு அடுத்த பெரிய ஏற்றுமதியே கார்தான், ஆனால் நடத்திய நிறுவனம் திவாலாகி 2000-ல் எல்லாம் முடிந்தது. அப்புறம், லண்டனில் நடந்த வைர விற்பனையை 2013-ல் காபரோனுக்கே கொண்டுவந்தார்கள், பட்டை தீட்டும் பட்டறைகளும் வந்தன. நல்ல காரியம்தான். ஆனால் இதைப் பல தொழில் வளர்ச்சி என்று கணக்கில் எழுதுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வைரம் விலை போகாத வருடம் பட்டறைக்கும் வேலை இருக்காது, அதுவும் வைரம் பட்டை தீட்டும் நம் சூரத் நகரத்தின் குறைந்த கூலியோடு போட்டி போட வேண்டிய பட்டறை.

செலிபி பிக்வேயைப் பார்த்தால் விஷயம் புரியும். செம்பு, நிக்கல் சுரங்கத்துக்காகவே 1970-களில் எழுப்பிய ஊர் அது. சுரங்கமும் உருக்காலையும் நஷ்டத்தில் ஓடியும், வேலை போய்விடுமே என்று அரசு பல வருடம் தாங்கிப் பிடித்தது. சுரங்கம் ஒருநாள் தீரும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் மாற்றுத் தொழில் கொண்டுவர முன்கூட்டியே தனி அமைப்பும் வைத்தார்கள், வருகிற கம்பெனிகளுக்கு வரிச் சலுகையும் கொடுத்தார்கள். 2016 அக்டோபரில் சுரங்கத்தை இழுத்து மூடியபோது ஒரே அடியில் 5,000 பேருக்கு மேல் வேலை போனது, அவர்களை எடுத்துக்கொள்ள வேறு ஆலை அங்கே இல்லை.

ஏன் இல்லை? மொத்த நாட்டிலும் சுமார் 25 லட்சம் பேர்தான், கடல் கிடையாது, பக்கத்திலேயே தென்னாப்பிரிக்கா, அதோடு ஒரே சுங்க ஒன்றியம், அங்கே செய்த பொருள் வரியில்லாமல் கடைக்கு வந்துவிடும். இந்த நிலையில் யார் அங்கே தொழிற்சாலை போடுவார்கள்? இன்னொரு காரணத்தைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்: வைரப் பணம் முழுக்க அரசு வழியாகவே ஊருக்குள் வந்தது. படித்தவர்கள் அரசு வேலைக்குப் போனார்கள், தொழில் தெரிந்தவர்கள் அரசு டெண்டரை நம்பினார்கள். வெளியூர்க்காரனிடம் பொருளை விற்றுக் காசு பார்க்கிற பழக்கம் மாட்டிறைச்சியையும் ஒகவாங்கோ ஆற்றுக் கழிமுகத்துச் சுற்றுலாவையும் தாண்டிப் பெரிதாக வளரவில்லை. வேலை தேடுகிறவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் வேலையில்லாமல் இருப்பதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

வெயிலுக்குக் குறைவில்லாத நாடு, மின்வெட்டால் பல வருடம் திண்டாடிய தென்னாப்பிரிக்கா பக்கத்தில், இடம் தாராளம். சூரிய மின்சாரத்தில் இன்னும் பெரிய அளவில் இறங்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் அதையும் அரசே கட்டி அரசே வாங்கினால் பழைய கதைதான், வாங்குகிறவன் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும்.