கோடு தொடரும் ரோபோ: வேகத்தை எதால் கூட்டிக் குறைப்பது?

போட்டித் தளத்தில் மடிக்கணினியைத் திறந்து, நிரலில் ஓர் எண்ணை மாற்றி ஏற்ற நேரம் கிடைக்காது. ரோபோவின் மேலேயே வேகத்தை மாற்ற ஒரு வழி வேண்டும். எங்களுடையது ஆர்டுயினோ நானோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை, இரண்டு என்20 சிறு மோட்டார், இரண்டு செல் லிப்போ பற்றரி. ஓட்டத்தின்போது கம்பியில்லாத் தொடர்பைப் பல போட்டிகள் அனுமதிப்பதில்லை என்பதால் புளூடூத்தை முதலிலேயே விட்டுவிட்டோம்.

கொழும்புப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் பொட் (திருகினால் மின்தடை மாறும் குமிழ்), ரோட்டரி என்கோடர் (சுழற்றும் படிகளைத் துடிப்புகளாகத் தரும் குமிழ்), அழுத்து சுவிட்ச் மூன்றையும் வாங்கினோம். பொட் வாங்கும்போது பி10கே என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். ஏ என்றிருந்தால் அது ஒலிக்கருவிக்கானது. மெல்ல ஏறி, கடைசியில் விருட்டென்று தாவும்.

என்கோடர் எனக்கு மிகவும் பிடித்தது. கிளிக் கிளிக்காக நகர்வதால் வேகத்தைப் படிப்படியாக எண்ணி மாற்றலாம். ஆனால் நானோவில் வெளி இன்டரப்ட் பின்கள், அதாவது துடிப்பு வந்ததும் நிரலை உடனே கவனிக்க வைப்பவை, டி2, டி3 இரண்டுதான். அவற்றைச் சக்கரத்தின் சுழற்சியை எண்ணும் என்கோடர்கள் பிடித்துவிட்டன. மின்சாரம் போனால் இருந்த இடமும் அதற்கு மறந்துவிடும். சுவிட்சிலோ, இப்போது எந்த வேகத்தில் நிற்கிறது என்பது திரை இல்லாமல் தெரியாது.

பொட்டின் முள்ளைத் தூர நின்றே பார்க்கலாம். அதையே பொருத்தினோம். அளவீடு இரண்டு மூன்று எண் ஆடியது. 16 தடவை வாசித்துச் சராசரி எடுத்ததும் அடங்கியது. பொட்டின் 0–1023 அளவீட்டை அப்படியே மோட்டாருக்கான 0–255 பிடபிள்யூஎம் (மின்னை வேகமாகப் போட்டு நிறுத்திச் சராசரி வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் முறை) மதிப்பாக ஆக்கினால் கீழ்ப்பகுதி வீண், மோட்டார் முனகுமே தவிரச் சுழலாது. ஆகவே 90க்கும் 220க்கும் இடையில் மட்டும் விரித்தோம். ஸ்டார்ட் அழுத்தும் கணத்தில் மட்டும் வாசிப்பதால், பிறகு கை பட்டாலும் வேகம் மாறாது.

வெள்ளவத்தை வீட்டு ஹோலில், வெள்ளை டைலில் கறுப்பு டேப் ஒட்டி ஓடவிட்டோம். முள் அதே இடத்தில்தான். ஆனால் மாலையில் அழகாகத் திரும்பிய வளைவில், சார்ஜ் போட்ட பிறகு ரோபோ கோட்டை விட்டு வெளியே பாய்ந்தது.

"அண்ணா, இது வேற ரோபோ மாதிரி ஓடுது" என்றான் தம்பி.

கணக்கு நேரானது. பிடபிள்யூஎம் 255க்கு 180 என்றால், பற்றரி நிறைந்திருக்கும் 8.4 வோல்ட்டில் மோட்டாருக்குச் சராசரியாக 5.9 வோல்ட் போகும், பற்றரி 7.4க்கு இறங்கினால் 5.2 தான். எந்தக் குமிழைப் பொருத்தினாலும் இது தீராது. எனவே இப்போது பொட் பிடபிள்யூஎம்மைத் தொடுவதில்லை. சக்கரம் ஒரு நொடிக்கு எத்தனை துடிப்புத் தர வேண்டும் என்ற இலக்கை மட்டும் அது சொல்கிறது. தேவையான பிடபிள்யூஎம்மை நிரலே தேடிக்கொள்கிறது. நேர்க்கோட்டில் நன்றாகப் பிடிக்கிறது. கூர்வளைவில் இன்னும் சற்று ஊசலாடுகிறது. அடுத்து, இலக்குக்கும் உண்மை வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத் திருத்தும் பிஐ கட்டுப்பாட்டின் மாறிலிகளைச் சரிசெய்ய வேண்டும்.